பெரிய தொட்டிக்கு மாற்றியபின் ஆக்சோலாட்டில் குஞ்சுகள் உண்ண மறுக்கின்றன – உதவி தேவை

குன்னூர் வாசகர்:
வணக்கம். முட்டையிலிருந்து வளர்த்த என் நான்கு ஆக்சோலாட்டில் (நீரிலேயே வாழும் ஒருவகை சலமாண்டர்) குஞ்சுகள் இப்போது 5 செ.மீ. நீளம் உள்ளன. தனித்தனி டப்பாக்களில், நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றி, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகையும் பின்னர் டியூபிஃபெக்ஸ் புழுவும் கொடுத்து வந்தவரை நன்றாக உண்டன. சென்ற வாரம் புதிதாக வாங்கிய 80 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் நான்கையும் ஒன்றாக விட்டதிலிருந்து உணவைத் தொடுவதில்லை. செவுள்கள் முன்னோக்கி வளைந்துள்ளன, வால்நுனி கொக்கிபோல் மடங்கியுள்ளது, ஒன்றுக்கு முன்பாதத்தைக் காணவில்லை. நீரின் வெப்பநிலை 17 டிகிரி செல்சியஸ் என்பதால் சூடு காரணமாக இருக்க முடியாது. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

தொட்டி நண்பர்:
வளைந்த செவுளும் மடங்கிய வாலும் உளைச்சலின் அடையாளங்கள். பெரும்பாலும் நீரோட்டம் அல்லது நீரின் தரம் காரணமாக இருக்கும். மெக்சிகோ நகரின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ கால்வாய்களின் மெதுவான நீரில் வாழப் பழகிய இனம் இது. விசையோடு நீரைக் கொட்டும் ஃபில்டர் அதற்கு ஓயாத தொல்லை. எந்த ஃபில்டர் ஓடுகிறது, அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று தெரிவியுங்கள்.

குன்னூர் வாசகர்:
தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஃபில்டர், அதுவும் புதியது. அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0.5 பிபிஎம் காட்டுகிறது.

தொட்டி நண்பர்:
காரணம் தெரிந்துவிட்டது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா, அதிலிருந்து வரும் நைட்ரைட் இரண்டும் குஞ்சுகளுக்கு நஞ்சு, பூஜ்யமாக இருக்க வேண்டும். குஞ்சுகளை இன்றே தனித்தனி டப்பாக்களுக்குத் திருப்பி, குளோரின் நீக்கி அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த நீரை நாள்தோறும் மாற்றுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரங்கள்கூட ஆகலாம். குளிர்ந்த நீரில் அது இன்னும் தாமதமாகும் என்பதை மலைப்பகுதியில் இருப்பவர்கள் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். குஞ்சுகள் இல்லாத இந்தக் காலத்தில் ஹீட்டர் வைத்து நீரை 27 டிகிரி அளவில் வைத்திருந்தால் பாக்டீரியா விரைவாகப் பெருகும். அந்தப் பாக்டீரியாவுக்கு உணவாகச் சிறிது அம்மோனியா சேர்த்து 2 பிபிஎம் ஆக்குங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் நிலை வந்ததும் பெரும்பகுதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்து, ஹீட்டரை எடுத்து, நீர் ஆறிய பிறகே குஞ்சுகளை விடவேண்டும். விளிம்பு ஃபில்டருக்குப் பதில் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை இப்போதே பொருத்திவிடுங்கள். பிறகு மாற்றினால் வளர்ந்த பாக்டீரியா வீணாகும்.

புழு வளர்ப்பவர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொட்டி தயாரானதும் 5 செ.மீ. குஞ்சை அதில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மணத்தாலும் அருகில் அசைவதைக் கொண்டும் இரையைப் பிடிக்கும் உயிர் இது. 80 லிட்டர் நீரில் சிதறிய புழு அதற்கு எட்டாது, உண்ணாத புழு அழுகி அம்மோனியாவைத்தான் கூட்டும். நறுக்கிய மண்புழுவை இடுக்கியிலிருந்து வாங்கி உண்ணப் பழகி, 8 செ.மீ. அளவு வரும்வரை டப்பாவே நல்ல இடம். காணாமற்போன பாதத்தை உடன்பிறப்பு கடித்திருக்கும். இந்த வயதில் முகத்தருகே அசையும் எதையும் கவ்வும். நீர் தூய்மையாக இருந்தால் சில வாரங்களில் பாதம் மீண்டும் வளர்ந்துவிடும், மருந்து எதுவும் வேண்டாம்.

குன்னூர் வாசகர்:
மிக்க நன்றி. மாலையே டப்பாக்களுக்கு மாற்றிவிடுகிறேன். தொட்டியின் அடியில் சிறு கூழாங்கற்கள் பரப்பியிருக்கிறேன், அவை இருக்கலாமா?

புழு வளர்ப்பவர்:
எடுத்துவிடுங்கள். இரையோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. அடித்தளம் வெறுமையாக இருப்பதே பாதுகாப்பு. ஒளிந்துகொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய்த்துண்டு வையுங்கள். நான்கும் முழுதாக வளரும்போது 80 லிட்டர் போதாது என்பதால் இரண்டைப் பிரிக்கவும் இப்போதே இடம் பாருங்கள்.