புது போன் வாங்கிய மறுநாள் உங்களுக்கு என்ன ஆச்சு?

ராயபுரம்காரன்

அம்மாவுக்குப் புது போன். சனிக்கிழமை ராத்திரியே எல்லாம் மாற்றி, யுபிஐ பதிந்து, எனக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்து, வந்ததும் நிம்மதியாகப் படுத்துவிட்டோம். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைப் பக்கம் விற்பவர். ஞாயிறு விடியற்காலை ஏலத்தில் என்ன கூட்டம் இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சங்கரா ஒரு கூடை எடுத்துப் பணம் போட்டாயிற்று. அடுத்து வஞ்சிரம், நல்ல விலைக்கு விழுந்தது. அம்மா தொகையைப் போட்டு பின் நம்பரையும் போடுகிறார், போகவில்லை. மறுபடி போடுகிறார், போகவில்லை. ஏலக்காரர் திட்டக்கூட இல்லை. காலால் கூடையை ஓரமாகத் தள்ளினார், பின்னால் நின்ற அக்கா நோட்டுக்கட்டை நீட்டினார், கூடை கைமாறிவிட்டது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அம்மா திரும்பத் திரும்ப அந்தத் திரையையே அழுத்திக்கொண்டிருந்தார். அதுதான் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

போன் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமே 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாதாம். திருடன் நம் எண்ணை வைத்துக் கணக்கைத் துடைக்காமல் இருக்க வைத்த விதி, சரி, நல்லதுதான். அதைப் பதியும்போதே பெரிய எழுத்தில் ஒரு வரி சொல்லக்கூடாதா?

கொருக்குப்பேட்டை அக்கா

தம்பி, உங்களுக்கு 5,000 ஆவது போனது. எனக்கு எஸ்எம்எஸ்ஸே வரவில்லை.

புது போனுக்கு இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம், போட்டால் நல்லது என்று கடையில் சொன்னார்கள், போட்டுக்கொடுத்தார்கள். பேச முடிந்தது, நெட் வந்தது. மறுநாள் காலை கேஸ் வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் பையன் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே "அக்கா, நம்பர் சொல்லுங்க" என்கிறான். டெலிவரி நம்பர் போனுக்கு வந்தால்தானே சொல்வது? திரும்ப அனுப்பச் சொல்லிப் பார்த்தோம், அதுவும் வரவில்லை. அவன் தோளை மாற்றிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான், அப்புறம் வந்த படியிலேயே இறங்கினான். தூக்கி வந்ததைத் தூக்கிக்கொண்டே இறங்குவதைப் பார்த்தபோது வயிறு என்னவோ செய்தது. நம்பர் இல்லாமல் கொடுத்தால் அவனுக்குத்தான் பிரச்சினை.

சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைப்பார்கள் என்று சாயங்காலம் கஸ்டமர் கேரில் சொன்னார்கள். கடையில் போட்டுக்கொடுத்தவருக்கு இது தெரியாதா என்ன? வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

செல்கடை தம்பி, பெரம்பூர்

அக்கா, கடைக்காரர் வேண்டுமென்றே மறைத்தார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சிம் விதியை நாங்கள் சொல்கிறோம். புது போன் கையில் வந்த சந்தோஷத்தில் யாரும் காதில் வாங்குவதில்லை. ராயபுரம் அண்ணா, அந்த 5,000 எல்லா வங்கியிலும் ஒரே மாதிரி இருக்காது, ஐபோனில் 72 மணி நேரம் வைத்திருக்கிற வங்கியும் உண்டு.

என்னை உறுத்துவது வேறு. வியாசர்பாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், பேத்தி காலேஜ் போகிறாள் என்று யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன். ஆன் செய்தால் பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்கிறது. இவர் கூப்பிட்டால் அந்த ஆள் எடுக்கவே இல்லை. "லாக்கை உடைத்துக் கொடு தம்பி" என்று கேட்டார், அது நான் செய்கிற வேலை இல்லை. போனைத் திரும்ப அதே பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன். பழைய போனைக் கொடுக்கிறவர்கள் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அப்புறம் செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால்தான் இந்தப் பூட்டு விழுகிறது, ஐபோனிலும் கணக்கை விட்டு வெளியே வராமல் கொடுத்தால் இதே கதை. வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் *#06# போட்டு ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை எடுங்கள், கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போன் பிளாக் ஆகியிருக்கிறதா என்று பதில் வந்துவிடும். வாட்ஸ்அப்பை ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற்ற கூகுள் பேக்கப்பை நம்பி உட்காரவே வேண்டாம், இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, வைஃபையும் லொகேஷனும் போட்டு, பழைய போனில் சாட்ஸ் பகுதிக்குள் இருக்கிற டிரான்ஸ்பரைத் திறந்து, புதுப் போனில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்தால் போட்டோ வீடியோ உட்பட வந்துவிடும். இதற்குப் பழைய போன் கையில் இருக்க வேண்டும், அதனால் எக்ஸ்சேஞ்ச் என்றாலும் ஒரு வாரம் வைத்திருந்து கொடுங்கள். முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கால பேட்டரிக்கு, இப்போது தேவையில்லை.

திருவொற்றியூர்

இவ்வளவு சொன்னீர்கள், பட்டன் பற்றி ஒரு வார்த்தை இல்லையே தம்பி.

எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய போனில் கீழே மூன்று பட்டன் இருக்கும், புதியதில் இல்லை, விரலால் தள்ள வேண்டும். துபாயிலிருந்து அக்கா கூப்பிடுகிறாள். எனக்குக் கை முழுக்க மாவு, அடுப்படியிலிருந்து பார்க்கிறேன். மணி அடிக்கிறது, அக்கா போட்டோ தெரிகிறது, அப்பா அந்தப் பச்சை வட்டத்தைத் தட்டுகிறார், தட்டுகிறார், மேலே தள்ள வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. "பாப்பா வெச்சுட்டாளே" என்றார். திருப்பிக் கூப்பிட்டுக் கொடுத்தேன், பேசினார், ஆனாலும் அன்று முழுக்கப் போனைத் தொடவில்லை.

செட்டிங்ஸில் நேவிகேஷன் என்று தேடினால் அந்த மூன்று பட்டனைத் திரும்பக் கொண்டுவரலாம். வயசானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் டேட்டா மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அப்புறம் வேறொரு போனிலிருந்து கூப்பிட்டு, எடுக்க வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

ராயபுரம்காரன்

பெரம்பூர் தம்பி, வங்கிக்கு வங்கி மாறும் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா? விடிகாலை நாலு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

எண்ணூர் சீட்டு அக்கா

பழைய போனை ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்வது சுலபம். ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் போட்டால் புதுப் போனை நீட்டுகிற கையிலேயே பழையதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வாசலில் அதுதான் நடந்தது.

நான் தெருவில் சின்னதாகச் சீட்டு பிடிக்கிறேன், யார் எப்போது கட்டினார்கள் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பேக்கப் போட்டுத்தான் வைத்திருந்தேன். புதுப் போனில் இறக்கினால் தை மாசத்தோடு நிற்கிறது. முன்பு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனி இடம், 2024லிருந்து அதுவும் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் சேர்ந்துவிட்டது. என்னுடையது பேரப்பிள்ளை வீடியோவிலேயே நிரம்பி, பேக்கப் அப்படியே நின்றுபோயிருக்கிறது.

அன்று சாயங்காலம் சீட்டு கட்டுகிற பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து, அவரவர் போனைத் திறந்து, எனக்கு அனுப்பியதைத் தேடித் தேடிக் காட்ட, என் மருமகள் நோட்டில் எழுதினாள். ஒருத்தியும் கோபப்படவில்லை. ஒருத்தி மட்டும் "என்கிட்டயும் அழிஞ்சு போச்சுக்கா, நீங்க சொல்றதுதான் கணக்கு" என்றாள். அவள் எவ்வளவு கட்டினாள் என்று எனக்கும் நினைவில்லை. இரண்டு பேருமாக வங்கிக்குப் போய் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.