பாம்பு எதிர்ப்பட்டபோது என்ன செய்தீர்கள்?

கொடிமலைக்காரன்:
பினாங்கில் தாவரவியல் பூங்காப் பக்கத்து மூன்கேட் என்னும் வட்ட வாசல் வழியாகக் கொடிமலை ஏறுகிறவர்கள் பலர் பாம்பைக் கடந்துதான் போகிறார்கள். கண்ணில் பட்டவர்கள் குறைவு. அண்மையில் எங்கள் குழுவில் முன்னால் போன தம்பி ஒரு திருப்பத்தில் கிளையைப் பிடித்து ஏறப் போனார். கைக்கு ஒரு சாண் தள்ளி, பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்க்கிறோமே, அதே விரியன் இனம். "கையை எடு" என்றேன். எடுத்தார். பாம்பு அசையவே இல்லை. கோயிலில் ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்பார்கள். காட்டில் புகை ஏது? பகலில் அசையாமல் கிடப்பதும் இரவில் இரை தேடுவதும் அதன் இயல்பு. காலடியைப் பார்த்து நடந்தால் மட்டும் போதாது, கை வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். வீரக் கதைகள் வேண்டாம். என்ன செய்தீர்கள் என்பதே வேண்டும்.

பாலேக் பூலாவ் டுரியான்:
பழப் பருவத்தில் விடியுமுன்பே தோட்டத்துக்குள் போகிறவர்கள் நாங்கள். கீழே விழுந்த பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நாங்கள் அஞ்சுவது விஷத்தைப் பீய்ச்சும் கரிய நாகத்துக்கு. அது கடிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்ணைக் குறிவைத்துத் துப்பும்.

மைத்துனர் குனிந்து கூடையை நகர்த்தினார், கூடைக்குப் பின்னால் அது படமெடுத்து நின்றது. முகம் நேர் எதிரே இருந்தது. இடது கண்ணில் பட்டுவிட்டது. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல் எரிகிறது என்று அலறினார். கசக்கப் போன கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மகன் கொட்டகையிலிருந்து தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தான். தலையை இடப்பக்கம் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம் வழியும்படி கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் கழுவினோம். வலது கண்ணுக்குள் ஒரு துளியும் போகக் கூடாது அல்லவா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தாய்ப்பால் ஊற்றச் சொன்னார். அந்த இருட்டில், அந்த மலையில், தாய்ப்பாலுக்கு எங்கே போவது! கழுவிய பிறகு நேராக மருத்துவமனை. கருவிழியில் புண் இருந்தது. சொட்டு மருந்தில் ஆறியது.

இப்போது எங்கள் ஆட்கள் தலைவிளக்கும் உயரமான ரப்பர் பூட்சும் கண்ணை மூடும் கண்ணாடியும் இல்லாமல் உள்ளே நுழைவதில்லை. மைத்துனர் அந்தக் கண்ணாடி இல்லாமல் கோழிக்கூட்டுப் பக்கம்கூடப் போவதில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா:
எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள பெரிய கால்வாயில் மலைப்பாம்பு வருவது புதிதல்ல. 2016இல் பாயா தெருபோங் மேம்பாலக் கட்டுமான இடத்தில் பிடிபட்டதை உலகமே படத்தில் பார்த்தது. எனக்குப் பாம்பைவிடக் கைப்பேசியோடு கூடும் கூட்டம்தான் பயம். ஒரு பையன் வாலைப் பிடித்து இழுத்தான். மலைப்பாம்புக்கு விஷமில்லை என்று அவனுக்குத் தெரியும். உள்நோக்கி வளைந்த பற்கள் இருப்பது தெரியாது. 999ஐ அழைத்தோம், பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்தார்கள். அவர்கள் வரும்வரை தள்ளி நின்று அது எங்கே நுழைகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பழைய தோட்டத்து ஆள்:
இதற்கு இவ்வளவு பேச்சா? பால்மரத் தோட்டத்தில் பாம்பைக் கண்டால் கம்பை எடுப்போம், கதை முடிந்தது.

கொடிமலைக்காரன்:
ஐயா, கம்பெட்டும் தூரத்துக்குப் போனால்தானே அடிக்க முடியும்? அவ்வளவு கிட்டே போய் நிற்பது யாருக்கு ஆபத்து? மலைப்பாம்பு என்றால் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கிறது.

பழைய தோட்டத்து ஆள்:
சட்டம் இருக்கட்டும் தம்பி. நாங்கள் கம்பெடுத்தது ஒரு பாம்பை நினைத்துத்தான். மலாய்க்காரர்கள் காப்பாக் போடோ என்று சொல்லும் விரியன் அது. கெடா, பெர்லிஸ், செபராங் பிறைப் பக்கம் பால் வெட்டியவர்களைக் கேளுங்கள். மற்ற பாம்புகள் தரை அதிர்ந்தால் விலகிப்போகும். இது சருகு நிறத்தில் சருகுக்குள் சுருண்டு கிடக்கும். பக்கத்தில் போனாலும் நகராது, மிதித்தால் கொத்தும். கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது இதனிடம் செல்லாது. விளக்கும் பூட்சும்தான்.

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா சொன்ன பாம்பு கடித்தால் வீக்கமும் வலியும் உடனே தொடங்கும், இரத்தம் உறையும் தன்மை கெடும். கட்டுவிரியன் நேர்மாறு: வலியே தெரியாமல் இருக்கலாம், சில மணி நேரம் கழித்துக் கண்ணிமை தொங்கும், மூச்சுத் தசைகள் தளரும். அதனால் "வலியில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்புகிறவரை விடாதீர்கள். 24 மணி நேரமாவது கண்காணிப்பில் வைப்பார்கள்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டோ வண்டியிலோ கொண்டுபோங்கள். கயிறு போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி, பச்சிலை எதுவும் வேண்டாம். இறுகக் கட்டிய கயிற்றால் விரல் கறுத்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். பாம்பை அடித்துப் பையில் போட்டும் வர வேண்டாம். வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கொத்தும். தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் போதும். எந்த விஷமுறிவு மருந்து என்பதில் ஐயம் வந்தால் மருத்துவர்கள் கேட்டறிய நம் நாட்டில் நச்சியல் வல்லுநர்களின் ஆலோசனைச் சேவை இருக்கிறது. நாம் பயன்படுத்தும் மருந்துகளில் பலவும் பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிப்பவை.

தண்ணீர்மலைப் பெண்:
கோயில் பக்கம் நாகத்தைக் கண்டால் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு கிட்டே போகும் அத்தைகளுக்கும் இதைச் சொல்லுங்கள் அம்மா. கும்பிடட்டும், நாலு மீட்டர் தள்ளி நின்று.

தெலுக் பஹாங் கூடாரம்:
அடுத்த மாதம் பந்தாய் கெராச்சுட்டில் கூடாரம் போடுகிறோம். சுற்றிலும் கந்தகத்தூள் போட்டால் பாம்பு வராது என்கிறார்களே?

பழைய தோட்டத்து ஆள்:
தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறோம். அதன்மேலேயே ஊர்ந்து போகும். சோற்றுமிச்சத்தை வெளியே விடாதீர்கள், எலி வரும். கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடுங்கள். காலணியை உள்ளே வையுங்கள்.

தெலுக் பஹாங் கூடாரம்:
நாலு பேர் காலணியும் உள்ளேயா ஐயா? நாற்றம் தாங்காதே.

பழைய தோட்டத்து ஆள்:
பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள்.