லேட் நைட் ஷோக்களில் அந்தத் துணிச்சல் எங்கே போனது?

நள்ளிரவுக்காரன் கேட்டது:

வணக்கம். ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அமெரிக்க டாக் ஷோ தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் பழைய எபிசோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1982-லிருந்து என்பிசி சேனலில் நள்ளிரவு 12.30-க்கு வந்த ‘லேட் நைட்’. நேற்று பார்த்தது 1984-ல் வந்த ஒன்று. மனிதர் உடம்பு முழுக்க வெல்க்ரோ (ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பட்டை) தைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு வருகிறார், எதிரே ஒட்டிக்கொள்வதற்கென்றே தயார் செய்த ஒரு சுவர், ஓடி வந்து ஒரு சின்ன ட்ராம்போலினில் எம்பிக் குதித்து, சுவரில் பல்லி மாதிரி அப்படியே ஒட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான். ஜோக் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அதை முடித்துவிட்டு இப்போதைய ஷோக்கள் நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். கோட்டு சூட்டு, நின்றபடி அன்றைய அரசியல் செய்தியைப் பற்றித் தொகுப்பாளர் தனியாகப் பேசும் ஒரு மோனோலாக், அப்புறம் மேஜை, அப்புறம் படம் ரிலீஸ் ஆகப்போகிற ஒரு நடிகர் வந்து ஏற்கெனவே பேசிவைத்த ஒரு சம்பவத்தைச் சொல்வது. தொகுப்பாளர்கள் எல்லோருமே திறமைசாலிகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் எது யாருடைய ஷோ என்று சொல்வதே கஷ்டமாக இருக்கிறது. இது ஆட்களின் குறையா, காலத்தின் குறையா, இல்லை வேறு ஏதாவதா? அமெரிக்கக் காமெடியை ரொம்ப நாளாகப் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

எடிசன்_தமிழன்:

நல்ல கேள்வி. நான் நியூஜெர்சிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்த விஷயத்தைப் பற்றி யோசிக்காத வாரம் கிடையாது.

முதலில் ஒன்று. அதே லெட்டர்மேனுக்கு என்பிசி 1980-ல் காலை நேரத்தில் ஒரு ஷோ கொடுத்தது. ஜூனில் தொடங்கி அக்டோபரில் மூடிவிட்டார்கள். எம்மி விருதெல்லாம் வாங்கியது, ஆனால் காலையில் வீட்டு வேலைக்கு நடுவே டிவி பார்த்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. அதே ஆள், கிட்டத்தட்ட அதே கிறுக்குத்தனம், ஒன்றரை வருடம் கழித்து நள்ளிரவு 12.30-க்கு வந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆள் மாறவில்லை, மணி மாறியது.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். அவருக்கு முன்னால் 11.30-க்கு ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ ஓடிக்கொண்டிருந்தது, 1962-லிருந்து அவர்தான் அந்த நேரத்துக்கு ராஜா. ‘லேட் நைட்’டில் கார்சனின் கம்பெனிக்கும் பங்கு உண்டு. அதனால் தன் ஷோவின் நகலாக இது ஆகிவிடக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதுகிற ஆள் கூடாது. பித்தளை வாத்தியங்கள் உள்ள பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கூடாது. நீளமான மோனோலாக் கூடாது. பழைய ஹாலிவுட் பெருந்தலைகளை வரிசையாகக் கூப்பிடக் கூடாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஒரு டாக் ஷோவின் சாமான் மொத்தத்தையும் எடுத்துவிட்டு ‘இனி நடத்து’ என்று விட்டால் என்ன செய்வது? ஷோவின் இசைக்குழுத் தலைவர் பால் ஷாஃபர் நாலு பேரை வைத்து ராக் பேண்ட் அமைத்தார். கேமராவைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குரங்கின் முதுகில் கேமரா கட்டி ஸ்டுடியோவில் ஓடவிட்டார்கள். வெல்க்ரோவும் அப்படி வந்ததுதான்.

அதனால் என் பதில்: யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நேரமும், பெரியவர்கள் செய்வதைச் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்தபோதுதான் அந்தப் புதுமை பிறந்தது. இன்றைக்கு 12.30 என்று ஒரு நேரமே கிடையாது. ராத்திரி பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் காலையில் யூடியூபில் தனித்தனித் துண்டாக நிற்க வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டால்கூட எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒட்ட வேண்டியிருக்கிறது.

கோனன் ஓ'பிரையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1993-ல் லெட்டர்மேன் சிபிஎஸ் சேனலுக்குப் போனதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 30, வெளியே யாருக்கும் தெரியாத எழுத்தாளர். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சேனல் 13 வாரம், 13 வாரம் என்று நீட்டித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 16 வருடம் நடத்தினார். இன்றைக்கு யாருக்காவது அந்த அவகாசம் கிடைக்குமா? 2025 ஜூலையில் சிபிஎஸ், 1993-ல் லெட்டர்மேனை வைத்துத் தொடங்கிய ‘லேட் ஷோ’வையே 2026 மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. பணக் காரணம் என்றார்கள், அரசியல் காரணம் என்று சொல்கிறவர்களும் நிறைய. எதுவாக இருந்தாலும், ஒரு புதியவர் மூன்று வருடம் தடுமாறிக் கற்றுக்கொள்ள ஒரு இடம் குறைந்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

பானு_எம்:

எடிசன் அண்ணா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்து லேட் நைட் ஏதோ துணிச்சலின் கோட்டை மாதிரி பேசுவது சரியில்லை. ஸ்டாண்ட்-அப் காமெடியன் பில் ஹிக்ஸின் கதையை விட்டுவிட்டீர்கள்.

1993 அக்டோபர் 1. லெட்டர்மேன் 11.30-க்கு மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நியூயார்க்கில் எட் சல்லிவன் தியேட்டரில் ஹிக்ஸ் தன்னுடைய செட்டை, அதாவது சில நிமிட மேடைக் காமெடியை, செய்துவிட்டு இறங்கினார். லெட்டர்மேன் ஷோவில் அவருக்கு அது 12-வது முறை, புதுமுகம் இல்லை. கூட்டம் நன்றாகச் சிரித்திருக்கிறது. ஹோட்டலுக்குத் திரும்பிய பிறகு போன் வருகிறது: முழு செட்டையும் வெட்டிவிட்டோம். மதத்தையும் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களையும் பற்றிய ஜோக்குகள் அதில் இருந்தன. அவர் கொதித்துப்போய் பத்திரிகையாளர் ஜான் லாருக்குக் கைப்பட 39 பக்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்குக் கணையப் புற்றுநோய், வெளியே யாருக்கும் சொல்லவில்லை. 1994 பிப்ரவரி 26-ல் இறந்தார், 32 வயது.

வெல்க்ரோவில் குதித்த அதே லெட்டர்மேன்தான் இது. 12.30-ல் அவருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. 11.30-ல் இருந்தது. அந்த வகையில் அண்ணா சொன்ன ‘மணி’ விஷயத்துக்கு இதுவும் சாட்சிதான், ஆனால் இதன் விலையை ஒரு மனிதன் கொடுத்திருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. லேட் நைட்டில் ஐந்து நிமிட ஸ்டாண்ட்-அப் செய்பவர் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிடையாது. ஒவ்வொரு வரியும் முன்கூட்டியே ஷோவின் ஆட்கள் பார்த்து ஒப்புக்கொண்டது. அன்றைக்கு ஹிக்ஸின் செட்டும் அப்படி ஒப்புக்கொள்ளப்பட்டதுதான். அதன் பிறகும் வெட்டினார்கள்.

பழைய_ரேடியோ:

ஒரு சின்னக் குறுக்கீடு. வெல்க்ரோ மாதிரியே லெட்டர்மேன் தண்ணீரில் போட்டால் நுரைக்கிற ஆல்கா-செல்ட்சர் மாத்திரைகளை உடம்பு முழுக்க ஒட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது ஒன்று உண்டு. அதற்கு இருபது வருடம் முன்னாலேயே ஸ்டீவ் ஆலன் உடம்பெல்லாம் டீ பைகளைக் கட்டிக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்கியவர். 1954-ல் ‘டுநைட்’டைத் தொடங்கிய முதல் தொகுப்பாளரும் அவர்தான். லெட்டர்மேன் தன் கடனை மறைக்கவே இல்லை, ஆலனின் பேரை வெளிப்படையாகவே சொல்வார். முன்னாடி யாரும் செய்யாததைச் செய்தால்தான் புதுமை என்று வைத்துக்கொண்டால் இங்கே யாருமே தேற மாட்டார்கள்.

ஆலனுக்குப் பிறகு வந்த ஜாக் பார் 1960 பிப்ரவரியில், கழிப்பறை என்ற சொல்லை வைத்து அவர் சொன்ன ஒரு சாதாரண ஜோக்கைச் சேனல் வெட்டிவிட்டதால், மறுநாள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர்களிடம் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். மார்ச்சில்தான் திரும்பி வந்தார். பானு சொல்கிற வெட்டு வேலை அவ்வளவு பழையது.

ஓபன்மைக்காரன்:

நான் சென்னையில் இரண்டு வருடமாக ஓபன் மைக் (யார் வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம் என்கிற மேடை) ஏறுகிறேன், தமிழில்தான். அதனால் இதைக் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

இங்கே புதிதாக வருகிற பல பேருக்கு ரிஸ்க் என்றால் கெட்ட வார்த்தை, இல்லாவிட்டால் யாரையாவது சீண்டுவது. சீண்டுவதில் ரிஸ்க் இருக்கிறது, மறுக்கவில்லை, அதற்காக ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் மேடையில் நிற்கிறவனுக்கு உண்மையான பயம் வேறு. அடுத்த சிரிப்பு எங்கே வரும் என்று தனக்கே தெரியாமல் நிற்பதுதான் பயம். அமெரிக்கக் காமெடியன் ஆண்டி காஃப்மேன் அந்த இடத்தில்தான் குடித்தனமே நடத்தினார். 1975 அக்டோபரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நேரலைக் காமெடி நிகழ்ச்சியின் முதல் எபிசோடைத் தேடிப் பாருங்கள். மேடையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர். ஊசியை வைக்கிறார், மைட்டி மவுஸ் என்ற கார்ட்டூன் எலியின் பாட்டு ஓடுகிறது. இவர் பக்கத்தில் சும்மா நிற்கிறார். கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்குகின்றன. பாட்டில் எலி ‘இதோ வந்துவிட்டேன்’ என்று முழங்குகிற அந்த ஒரு வரி வந்ததும் மட்டும் கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, முழு வீரத்தோடு வாயசைக்கிறார். மறுபடி சும்மா நிற்கிறார். நடுவில் ஒரு தடவை தன் முறை வந்துவிட்டது என்று தப்பாக நினைத்து வாயைத் திறந்து மூடிக்கொள்கிறார். நேரலையில், யாருக்கும் தெரியாத ஒரு ஆள், பேசாமல் நிற்கிறார். அந்தத் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

இன்னொருவர் ஸ்டாண்ட்-அப் செய்கிற டிக் நொட்டாரோ. 2012 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் லார்கோ என்கிற இடத்தில், சில நாள் முன்னால்தான் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சில மாதம் முன்னால் அம்மா இறந்திருக்கிறார். மேடைக்கு வந்து சாதாரணமாக வணக்கம் சொல்கிற அதே குரலில் எனக்குப் புற்றுநோய் என்று ஆரம்பிக்கிறார். நடுவில் ஒரு கட்டத்தில், இதை நிறுத்திவிட்டு வழக்கமான வேடிக்கை ஜோக்குகளுக்குப் போய்விடட்டுமா என்று கேட்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் ‘வேண்டாம்’ என்று கத்துகிறார். கடைசியில் பழைய தேனீ ஜோக் ஒன்றைச் சொல்லித்தான் முடிக்கிறார். மற்ற நாளில் அது ஒரு சின்ன ஜோக். அன்றைக்குக் கூட்டம் அதற்குச் சிரித்த சிரிப்பே வேறு.

அதைக் கேட்ட பிறகுதான் அப்பா ஐசியூவில் இருந்த பதினோரு நாளைப் பற்றி ஒரு செட் எழுதினேன். முதல் முறை செய்தபோது இரண்டு நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அக்கா கையிலிருந்த காபியை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் எட்டாம் நாள் என்னிடம் ‘உங்களுக்கு ஒரு அக்கவுண்ட் போட்டுக்கலாமா சார்’ என்று கேட்டதைச் சொன்னபோதுதான் முதல் சிரிப்பு வந்தது, அந்த அக்காதான் முதலில் சிரித்தார். அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தை எந்த டிவி சேனல் அனுமதிக்கும், சொல்லுங்கள்? ஐந்து நிமிட செட்டில் இரண்டு நிமிட மௌனம் என்றால் அங்கே அது தோல்வி. லேட் நைட்டில் துணிச்சல் குறைவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

நள்ளிரவுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓபன்மைக்காரன், அப்பா எப்படி இருக்கிறார்?

ஒரு துணைக் கேள்வி. ரிஸ்க் எடுத்து ஒருமுறை ஜெயித்தவர்கள் அப்புறம் அதையேதானே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்? அதிலிருந்து தப்பித்தவர் யாராவது உண்டா?

ஓபன்மைக்காரன்:

வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார். நன்றி அண்ணே. அந்த செட்டை அவரும் கேட்டார். கேன்டீன் பாக்கியைக் கட்டிவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.

பானு_எம்:

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் தம்பி.

நள்ளிரவு, உங்கள் கேள்விக்கு என் பதில் காமெடியன் ஜார்ஜ் கார்லின், யோசிக்கவே வேண்டாம். அறுபதுகளில் கோட்டு, டை கட்டிக்கொண்டு டிவியில் எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்தவர். கை நிறையப் பணம். ஆனால் 1962 டிசம்பரிலேயே சிகாகோவில் ஒரு கிளப்பில் லென்னி புரூஸ் என்ற காமெடியன் மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று போலீஸ் பிடித்தபோது, பார்வையாளராக உட்கார்ந்திருந்த கார்லின் அடையாள அட்டையைக் காட்ட மறுத்து, அதே வண்டியில் ஏற்றப்பட்டவர். அந்த வண்டிக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் அவர் எட்டு வருடம் இழுபட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். எழுபதுக்கு அப்புறம் கோட்டைக் கழற்றி, தாடி வளர்த்து, டிவியில் சொல்லக் கூடாத ஏழு சொற்களைப் பற்றிப் பேசி, 1972-ல் மில்வாக்கியில் கைதானார். அந்தச் சொற்கள் ஒரு வானொலியில் ஒலிபரப்பாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் 5-க்கு 4 என்று வானொலிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

இத்தோடு நின்றிருந்தால் நீங்கள் சொல்கிற மாதிரி ஏழு சொல் ஆசாமியாகவே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் ஒரு மணி நேரத்தை எழுதுவார், ஊர் ஊராகப் போய்ச் செதுக்குவார், எச்பிஓ சேனலுக்காகப் பதிவு செய்துவிட்டு அடுத்ததை எழுத உட்கார்ந்துவிடுவார். 1977-லிருந்து 2008 வரை இப்படி 14 நிகழ்ச்சிகள். கடைசியைச் செய்தபோது வயது 70, பேசியது முதுமையையும் சாவையும் பற்றி. மூன்று நான்கு மாதத்தில் இறந்துபோனார்.

எடிசன்_தமிழன்:

பானு, ஹிக்ஸ் கதையில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது, நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

2009 ஜனவரி கடைசியில் லெட்டர்மேன் அந்த வெட்டப்பட்ட செட்டை அப்படியே ஒளிபரப்பினார். ஹிக்ஸின் அம்மா மேரியை வரவழைத்து, விருந்தினர் நாற்காலியில் உட்காரவைத்து, அதை வெட்டியது என்னுடைய முடிவு, சேனலின் முடிவு இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் அது தங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை மழுப்பாமல் சொன்னார். அப்புறம் செட் ஓடியது. முடிந்ததும் லெட்டர்மேன், இதில் எதைக் கண்டு பயந்தேன் என்றே இப்போது புரியவில்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அன்றைக்கு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஷோவில் நான் பார்த்ததிலேயே அதிகம் துணிவு வேண்டியிருந்த நிமிடங்கள் அவைதான், வெல்க்ரோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நள்ளிரவு, அடுத்து அதைப் போட்டுப் பாருங்கள்.

நள்ளிரவுக்காரன்:

பார்த்துவிட்டேன் அண்ணா. இப்போது மணி ஒன்றரை. அந்த அம்மா பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் லெட்டர்மேன் ஒன்றுமே பேசவில்லை, தலையைக் குனிந்தபடி இருந்தார். அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.