பொருள்: ‘ஹீட் சோக்’ – தமிழில் என்ன? (திங்களுக்குள் வேண்டும்)

பட்டறையான் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை படிக்கும் பிள்ளைகளுக்காகப் பழைய எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலைப் பீச்சும்) கார்கள் பற்றிக் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும் வண்டி, நெடுந்தூரம் ஓடிவிட்டு டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் எடுக்காது. நன்றாக ஆறவிட்டால் தானாக எடுக்கும். எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுகிறது, எதிர்க்காற்றும் இல்லை. பிளாக்கில் இருக்கும் சூடு மேலே ஏறி, பானெட்டுக்குள் உள்ள இன்ஜெக்டர், அதற்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயில், சென்சார் எல்லாவற்றையும் ஓட்டத்தில் இருந்ததைவிட அதிகமாகக் காய்ச்சுகிறது. இதுதான் ஹீட் சோக். ‘வெப்ப ஊறல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி ஓட்டம் நிற்கும் வேப்பர் லாக்குக்கு ‘ஆவியடைப்பு’. சரிதானா?

தமிழாசான் எழுதியது:

ஊறல் வேண்டாம். ஊறுவது ஈரம். கிணறு ஊறும், வாய் ஊறும், காயும் ஊறும். வறண்ட சூடு எங்கே ஊறும்? ‘புழுக்கம்’ என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது. காற்று நின்றதும் உள்ளே ஏறும் சூட்டைத்தானே அப்படிச் சொல்கிறோம்? புழுங்கு தன்வினை, புழுக்கு பிறவினை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ‘அவரை வான்புழுக்கு’ வெந்த அவரை. புழுங்கலரிசி இதன் உறவு, மனப்புழுக்கம் பேரப்பிள்ளை. ‘பொறிப் புழுக்கம்’ என்று போடுங்கள். பெட்ரோலையும் ‘கன்னெய்’ ஆக்கிவிட்டால் அத்தியாயம் சுத்தமாகிவிடும்.

கோவைக்காரன் எழுதியது:

ஐயா, ஊறலை ஈரம் என்று தள்ளிவிட்டு அதைவிட ஈரமான சொல்லைக் கொண்டுவருகிறீர்கள். புழுக்கம் என்றால் எனக்கு வியர்க்கிறது. ‘கன்னெய் போடுங்க’ என்று பெட்ரோல் பங்கில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். நான் சொல்வது ‘அணைசூடு’: அணைத்த பின் ஏறும் சூடு.

தமிழாசான் எழுதியது:

வினைத்தொகை என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. விரித்துப் பாருங்கள்: அணைந்த சூடு, அணைகின்ற சூடு, அணையும் சூடு. மூன்றிலும் தணிவது சூடு. உங்கள் காரில் அணைந்தது எஞ்சின், ஏறுவது சூடு. பொருள் தலைகீழ்.

கோவைக்காரன் எழுதியது:

சுடுகாட்டில் காடா சுடுகிறது?

வடமராட்சி எழுதியது:

எங்கட பக்கம் ‘கார் சூட்டில ஸ்ராட் எடுக்குதில்லை’ எண்டால் கராஜில எல்லாருக்கும் விளங்கும். சொல்தான் வேணுமெண்டால் ‘பின்சூடு’ போதும். சின்னதாவும் இருக்கு.

கோவைக்காரன் எழுதியது:

பின்சூடு என்றால் எங்கள் ஊர்ப் பையன் டிக்கியைத் திறந்து பார்ப்பான், அண்ணா.

பட்டறையான் எழுதியது:

ஊறலைக் கைவிடுகிறேன். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ‘அடைப்பு’. யாரும் அதைத் தொடவில்லை. அடைப்பு என்று படிக்கும் பையன் பைப்பைக் கழற்றி ஏர் அடிப்பான், ஃபில்டரை மாற்றுவான். அங்கே குப்பை எதுவும் இல்லை. கொதித்து ஆவியான பெட்ரோல் அமுங்கிக்கொடுப்பதால் பம்ப் தள்ளினாலும் நகர்வதில்லை. கார்புரேட்டர் வண்டிகளில் பம்ப் எஞ்சின் மேலேயே இருந்ததால் இது அடிக்கடி வந்தது. டேங்குக்குள் பம்ப் வைத்து 3 பார் அழுத்தத்தில் தள்ளும் வண்டிகளில் அவ்வளவு வராது. அழுத்தம் இருக்கும்வரை பெட்ரோல் எளிதில் கொதிக்காது. பம்பில் பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு தேய்ந்தோ இன்ஜெக்டர் கசிந்தோ, அணைத்த கொஞ்ச நேரத்திலேயே ரெயிலில் அழுத்தம் இறங்கிவிட்டால்தான் கொதிக்கும். 1970களில் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்ஷன் அமைப்பில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கவே தனியாக ஒரு அக்யூமுலேட்டர் வைத்தார்கள்.

அதனால் சாவியை ‘ஆன்’ செய்து, பம்ப் சத்தம் அடங்கியதும் அணைத்து, இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்வேன். எடுத்தால் கோளாறு மிஞ்சிய அழுத்தத்தில். எடுக்காவிட்டால் ஸ்பார்க் பார்க்க வேண்டும். ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் துடிக்கவில்லை என்றால் எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம். சூட்டில் அதன் காயில் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி போட்டுக் குளிரவைத்துப் பார்க்கலாம். கூலன்ட் சென்சார் பொய் சொல்லி, சூடான எஞ்சினைக் குளிர் என்று காட்டினால், கணினி பெட்ரோலைக் கொட்டி பிளக்கை நனைத்துவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் இன்ஜெக்டர் நின்று பிளக் காயும்.

இத்தனையையும் ‘ஆவியடைப்பு’ என்ற ஒரு தலைப்பில் போட முடியாது. மிஞ்சிய அழுத்தத்துக்கும் ஒரு சொல் தாருங்கள்.

தமிழாசான் எழுதியது:

எஞ்சழுத்தம். எஞ்சு + அழுத்தம். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

கோவைக்காரன் எழுதியது:

‘எஞ்சின் எஞ்சழுத்தம்’ என்று ஒரு வரி வரும். அதைப் பாதிப்பேர் அச்சுப்பிழை என்பார்கள். ‘எஞ்சின்’ என்பதே ‘எஞ்சினால்’ என்றுதானே பொருள்படும்?

தமிழாசான் எழுதியது:

அதனால்தான் பொறி என்றேன்.

வடமராட்சி எழுதியது:

பொறி எண்டால் எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி. ஸ்பார்க்குக்கும் பொறி எண்டு எழுதினால் பிறகு பொறியில பொறி வரேல்லை எண்டு வரும். ‘மிச்ச அழுத்தம்’ எண்டு விடுங்கோ. ஆவிக்கு ‘ஆவித்தடை’ போடலாம். தடை எண்டால் ஒருத்தரும் குப்பை தேடமாட்டினம்.

பட்டறையான் எழுதியது:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. நேற்று வகுப்பில் நான்கு சொல்லையும் பலகையில் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல் கேட்டேன். புழுக்கத்துக்கு ‘ஏசி வேலை செய்யலையா சார்?’ என்றார்கள். ஊறலுக்கு ரேடியேட்டர் கசிவு. பின்சூட்டுக்கு சைலன்ஸர். அணைசூட்டுக்கு ஒரு பையன் ‘வண்டிய ஆஃப் பண்ணதும் ஃபேன் ஓடுமே, அதுவா?’ என்றான். மிக நெருங்கிவிட்டான், அந்த ஃபேன் ஓடுவதே இந்தச் சூட்டை இறக்கத்தான். ஆகவே அணைசூடு, மிச்ச அழுத்தம், ஆவித்தடை. முதல் முறை வரும் இடத்தில் பட்டறைச் சொல்லையும் பக்கத்தில் போடுகிறேன். பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்கும்.

தமிழாசான் எழுதியது:

பதினேழு வயதுப் பையனின் ஊகம் சொல்லாக்க நெறி ஆகாது. சுடுகாடு என்பது காடு சுடுவதைக் குறிக்காது, சுடும் இடம் என்று விரியும். அணைசூட்டை அப்படி விரித்தால் ‘அணைக்கும் சூடு’ என்று வரும். சூடு எதையும் அணைக்கவில்லை. என் மறுப்பைச் சொற்பட்டியலில் குறிக்கவும். புழுக்கத்தை மாற்றுச் சொல்லாகவாவது சேர்க்கவும்.

கோவைக்காரன் எழுதியது:

சேர்த்தாச்சு ஐயா. அடுத்த அத்தியாயம் ஃப்ளட்டிங் (பெட்ரோல் மிஞ்சி பிளக் நனைவது) என்று பட்டறையான் சொன்னார். ‘வெள்ளம்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.