பிரசவத்தில் பாதிக்கப்பட்ட மகனுக்காக வழக்குப் போடணும், வேலூரில் யாரைப் பார்ப்பது?

குடியாத்தம்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு இப்போது 1 வயது 10 மாதம். இன்னும் கழுத்து சரியாக நிற்கவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து கையை இறுக்கி மூடிக்கொள்வான், குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் உள்ளங்கையைத் துடைக்கணும், அதில் பால் நாற்றம் அடிக்கும்.

பிரசவம் எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில். பெயர் இங்கே வேண்டாம். மாதாமாதம் செக்கப், ஸ்கேன் எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார்கள். சாயந்திரம் 6 மணிக்கு வலியோடு சேர்த்தோம், ராத்திரி முழுக்க ஒரே ஒரு நர்ஸ். 2 மணி வாக்கில் பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது, அந்தத் துணியை என் மாமியாரே பார்த்திருக்கிறார். டாக்டருக்கு போன் போட்டாச்சு, வந்துடுவாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் வந்தது 5 மணிக்கு மேல். குழந்தை பிறந்ததும் அழவில்லை. ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள், 19 நாள் என்.ஐ.சி.யூ. (பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு). அப்புறம் 8 மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் பிறக்கும்போது மூளைக்கு ஆக்ஸிஜன் போகாததால் வந்த சி.பி., அதாவது பெருமூளை வாதம் என்று சொன்னார்கள்.

நான் தறி ஓட்டுகிறேன். வாரம் மூன்று நாள் பிசியோவுக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறோம், அந்த மூன்று நாளும் கூலி இல்லை. தெரிந்தவர் மூலமாக ஒரு வக்கீல் வந்தார். முன்பணம் 50,000, ஜெயித்தால் வருகிற தொகையில் 30 சதவீதம் என்று சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டார். வீட்டுப் பெரியவர்கள் டாக்டரை எதிர்த்து ஜெயிக்க முடியாது, விட்டுடு என்கிறார்கள். நாங்கள் இருக்கும்வரை பார்த்துக்கொள்வோம், எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார்? பணமில்லாமல் வக்கீல் கிடைக்குமா? காலம் கடந்துவிட்டதா?

ஆற்காடு_அம்மா:

தம்பி, முதலில் அந்த வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீங்க. போட்டிருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்க.

என் மகளுக்கு 9 வயது. பிறக்கும்போது தோள் மாட்டி இழுத்ததில் வலது கை நரம்பு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இடது கையால்தான் எழுதுகிறாள். நானும் முதல் ஒன்றரை வருஷம் அழுதே கழித்தேன், யாரும் வழி சொல்லவில்லை. அதனால் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

வக்கீலுக்கு முன்னால் காகிதம். நர்சிங் ஹோமில் உங்கள் மனைவியின் முழு கேஸ் ஷீட் நகல் கேளுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கம்தான், அது போதாது, நர்ஸ் எழுதும் குறிப்பு, பிரசவ அறைக் குறிப்பு, குழந்தையின் இதயத்துடிப்பு கிராஃப் எல்லாம் வேண்டும். எனக்கு வாயால் கேட்டபோது தரவில்லை, வக்கீலோடு வா என்றார்கள். எழுதி, நகல் எடுத்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்பினேன், நான்காம் நாள் கூப்பிட்டு 41 பக்கம் கொடுத்தார்கள். அந்த இதயத்துடிப்பு கிராஃப் பஸ் டிக்கெட் மாதிரி வழவழப்பான தாளில் வரும், அது நாள்பட நாள்பட வெளுத்துப்போகும். எனக்குக் கிடைத்தபோது பாதி வெள்ளையாக இருந்தது. கையில் கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுங்க, போனில் படமும் எடுங்க.

வக்கீல் எனக்கு இலவசமாகத்தான் கிடைத்தார், சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக. வழக்கு 4 வருஷம் ஓடியது. தொகையை மகள் பேரில் பேங்கில் டெபாசிட் போட்டு, வட்டியை மட்டும் சிகிச்சைக்கு எடுக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு விட்டிருந்தால் இன்றைக்கு அதுவும் இல்லை.

சத்துவாச்சாரி_வக்கீல்:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. சட்டப்படி நிற்கும் இடத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

காலம் கடக்கவில்லை, ஆனால் ரொம்பக் குறைவாக இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போடணும். எம்.ஆர்.ஐ. முடிவு வந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று வாதாடலாம், தாமதத்தை மன்னிக்கக் கேட்டும் மனு போடலாம், ஆனால் இரண்டும் எதிர்த்தரப்புக்கு நாமே கொடுக்கும் வாய்ப்பு. பையனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்னால் தாக்கல் ஆகணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவில் கோர்ட்டில் மைனருக்கு 18 வயது முடிந்த பிறகும் வழக்குப் போடக் காலம் உண்டு என்று யாராவது சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் அதுவரை சாட்சியும் இருக்காது, காகிதமும் இருக்காது. உள்நோயாளி ஆவணங்களை டாக்டர்கள் 3 வருஷம் வைத்திருக்கணும் என்பதுதான் மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. குழந்தையும் பெற்றோரும் இருவருமே நுகர்வோர் என்று 1998-இல் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது, அதனால் குழந்தைக்குத் தனியாகவும் உங்கள் இருவருடைய மன வேதனைக்குத் தனியாகவும் கேட்கலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது இல்லை. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. ஆகவே பில் எல்லாம் தேடி எடுங்கள்.

ஜெயிக்க முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டதில் பார்வை போய்விட்டது. அப்பா விடவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் 1 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது. 19 வருஷம் ஆனது என்பதையும் மறைக்கவில்லை, சட்டத்தில் மாதக் கணக்கில் முடிக்கச் சொல்லியிருந்தாலும் நடப்பில் வருஷக் கணக்குதான்.

அந்த 30 சதவீத ஆளைப் பற்றி: ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசி வழக்கு எடுப்பது பார் கவுன்சில் விதிப்படி தப்பு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கும் உரிமை 1987 சட்டப் பணிகள் சட்டத்திலேயே உண்டு, உங்கள் மகன் அதில் இரண்டு வகையில் வருகிறான். சத்துவாச்சாரிக்கு வர முடியாவிட்டால் குடியாத்தம் கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணுங்கள்.

போலீசுக்கு ஓடாதீர்கள். குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் என்று காட்டணும், அதற்கு முன்னால் வேறொரு டாக்டரின் கருத்து வாங்கணும் என்பது 2005 தீர்ப்பு, அதில் குழந்தைக்குப் பணமும் வராது.

லேபர்வார்டு_30வருஷம்:

நான் பிரசவ வார்டில் 30 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், சி.பி. வந்த எல்லாக் குழந்தைக்கும் பிரசவம்தான் காரணம் என்று கிடையாது, கர்ப்பத்திலேயே நடந்திருப்பதும் நிறைய உண்டு. அதனால் வழக்குக்கு முன்னால் காகிதத்தை எல்லாம் சம்பந்தமில்லாத ஒரு மகப்பேறு டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் காட்டுங்கள்.

காகிதம் வந்ததும் முதலில் பார்ட்டோகிராஃப் தாளைத் தேடுங்கள், கட்டம் போட்ட ஒரே பக்கம். கர்ப்பவாய் 4 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைப் புள்ளி வைத்துக்கொண்டே வரணும். 110-லிருந்து 160 வரை இருந்தால் சரி. தண்ணீர் பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது, அப்போது இன்னும் கவனமாகப் பார்த்து டாக்டரைக் கூப்பிடணும், கூப்பிட்ட நேரத்தை எழுதணும். ராத்திரி முழுக்க உள்ள குறிப்பு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதின மாதிரி இருந்தால் வக்கீலிடம் சொல்லுங்கள்.

என்.ஐ.சி.யூ. காகிதமும் அதே அளவு முக்கியம். அதில்தான் பிறந்த குழந்தையின் நிலையைப் பார்த்து 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் போட்ட அப்கார் மதிப்பெண், முதல் ரத்தப் பரிசோதனை, வலிப்பு வந்த நேரம் எல்லாம் இருக்கும். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைக்கு உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சை 6 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும், அதனால் ஆம்புலன்ஸ் கிளம்பிய நேரத்தையும் பாருங்கள். அந்த ராத்திரி உங்கள் போனிலிருந்து யாருக்கெல்லாம் பேசினீர்கள் என்ற விவரமும் எடுத்து வையுங்கள்.

ஆற்காடு_அம்மா:

தம்பி, இதையும் சொல்லணும். வழக்கு முடியட்டும் என்று பிசியோவை நிறுத்திடாதீங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுங்க, அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்க. சி.பி. குழந்தைகளுக்கு நிராமயா என்று ஒரு காப்பீடு இருக்கிறது, வருஷம் ஒரு லட்சம் வரை, பிசியோவுக்கும் அதில் வாங்கலாம். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீங்க, ஒரு டப்பாவில் போட்டு வைங்க. எங்களிடம் செலவுக்கு ஆதாரம் கேட்டபோது அந்த டப்பாதான் பேசியது.

குடியாத்தம்_அப்பா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும். கடிதம் போட்டேன், 26 பக்கம் வந்தது. பார்ட்டோகிராஃப் தாள் இருக்கிறது நர்ஸ் அம்மா. மேலே என் மனைவி பெயர், வயது, தேதி எழுதியிருக்கிறது. கீழே கட்டங்கள் எல்லாம் காலி. ஒரு புள்ளிகூட இல்லை.

ஆணைக்குழுவில் மனு கொடுத்து வக்கீல் ஒதுக்கிவிட்டார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த ராத்திரி நடந்ததை நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொன்னார் அவர். என் மனைவி இத்தனை நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நேற்று ராத்திரி பையனை மடியில் தூங்கவைத்துக்கொண்டே கோடு போட்ட நோட்டில் ஆறு பக்கம் எழுதினாள். நான் படிக்கவில்லை, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க என்றாள்.

சத்துவாச்சாரி_வக்கீல்:

நோட்டை அப்படியே கொடுங்கள், பக்கம் எதையும் கிழிக்க வேண்டாம், திருத்தி எழுதவும் வேண்டாம். காலித் தாளின் நகலில் மருத்துவமனை சீல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே போய் 26 பக்கத்துக்கும் சீல் வாங்கிவிடுங்கள்.