ஏற்காட்டில் வார்க்கும் லேசு கல் தொட்டியின் விளிம்பு மட்டும் மாவாக உதிர்கிறது

சிமென்ட், தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல், எடை குறைந்த வெள்ளைக் குருணை) கலந்து வார்க்கும் செயற்கைக் கல் செடித்தொட்டி. அடிப்பாகம் கல் மாதிரி இருக்கிறது. மேல் விளிம்பில் இரண்டு அங்குலம் நகத்தால் கீறினாலே மாவாகக் கொட்டுகிறது. இதே கலவை கீழே சேலத்தில் நன்றாக இறுகுகிறது.

கொள்ளளவில் சிமென்ட் 1, நார்க்கழிவு 1½, பெர்லைட் 1½. பிபிசி (PPC, சாம்பல் கலந்து மெதுவாக இறுகும்) சிமென்ட். பக்கச்சுவர் கனம் 1½ அங்குலம், உள்ளே கோழிவலை. அச்சு, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த பிளாஸ்டிக் அன்னக்கூடைகள். 48 மணி நேரத்தில் பிரித்து, பாலித்தீனில் சுற்றி 3 வாரம் நிழலில். மழை, மூடுபனி மாதங்களில்தான் இந்தத் தொல்லை.

நார்க்கழிவைச் சாயத்தண்ணீர் போகும்வரை அலசியாயிற்று. கையில் பிடித்து அழுத்தினால் சில சொட்டு மட்டும் வருமளவுக்குத் தண்ணீரைக் குறைத்தேன். 53 கிரேடு ஓபிசிக்கு (OPC, சாம்பல் கலக்காத சிமென்ட்) மாறியதில் கொஞ்சம் தேவலை. நார்க்கழிவில் பாதிக்கு ஆற்றுமணல் போட்டால் விளிம்பு நிற்கிறது, ஆனால் தொட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அப்புறம் இந்த வேலையே எதற்கு? சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு போட்டால் கோழிவலை துருப்பிடிக்கும், அது வேண்டாம்.

எடை கூடாமல், குளிரில் விளிம்பு சீக்கிரம் இறுக, மலைப்பக்கம் வார்க்கிறவர்கள் கலவையில் என்ன சேர்க்கிறீர்கள், ஒரு கிலோ சிமென்ட்டுக்கு எவ்வளவு?