பி.ஏ. வரலாறு எடுக்கலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்

மன்னார்குடி மாணவி:
பிளஸ் டூ முடித்துவிட்டேன். வரலாறுதான் படிக்க ஆசை, ஆனால் அப்பா பி.காம். சேர், அதில்தான் வேலை என்கிறார். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வரலாறு படித்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய மாணவர்:
தாராளமாக எடும்மா. பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில் ஆடல் மகளிர், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, பங்குக்கு 100 கலம் நெல் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரியை நானே எழுத்துக்கூட்டி வாசித்த அன்றைக்குச் சாப்பாடே மறந்துபோனது. பாடப்புத்தகத்தோடு மட்டும் நின்றுவிடாதே, அவ்வளவுதான்.

பள்ளி ஆசிரியை:
அப்பாவின் பயம் நியாயமானது, அதற்கும் பதில் வைத்துக்கொள். பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலைக்கு முயலலாம், குரூப் தேர்வுக்கும் இந்தப் பாடம் கைகொடுக்கும். இப்போதிருந்தே கிரந்த எழுத்து பழகு, சோழர் கல்வெட்டில் வடசொல் வருமிடத்தில் அது வேண்டும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மராட்டியர் கால மோடி ஆவணங்கள், அதாவது மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ளவை, கட்டுக்கட்டாக இருக்கின்றன, அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

மன்னார்குடி மாணவி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பெரிய கோயிலுக்கே கூட்டிப்போகிறேன்.